முற்றத்துக்குக் குறுக்கே ஒரு சுவர்

சிரம்பான், மலாயா.
ஞாயிற்றுக்கிழமை. கந்தோர் இல்லை, மழையும் விட்டபாடில்லை.

1

மங்களம், கனகம், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இதை வாசியுங்கள். சண்டை என்றால் ஒருத்தி வாசிக்க மற்றவள் கேட்கலாம். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை கண்டால் மனதுக்குள்ளே திருத்திக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் காட்டிச் சிரிக்க வேண்டாம்.

உங்கடை அம்மா போன கிழமைக் கடிதத்திலே ஒரு வீட்டுப் புதினம் எழுதியிருந்தா. உடுப்பிட்டி வீட்டு முற்றத்துச் சுண்ணாம்புத் தரையிலே நீங்கள் அடுப்புக்கரியால் நடுவாக ஒரு கோடு கீறினீர்களாம். கிழக்குப் பக்கம் அக்காவுக்கு, மேற்குப் பக்கம் தங்கச்சிக்கு. கோட்டைத் தாண்டுகிறவள் மற்றவளிடம் உத்தரவு கேட்க வேண்டுமாம். "இப்பவே பங்கு பிரிச்சுப்போட்டினம். இவையளுக்குக் காணி உறுதி எழுதுறது சுகம்" என்று அம்மா பகிடியாக எழுதியிருக்கிறா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த சோற்றை அப்படியே சாப்பாட்டுக் கோப்பையிலே போட்டுவிட்டு எழும்பிவிட்டேன். உங்களிலே கோபம் இல்லை. நீங்கள் பிள்ளைகள், விளையாடினீர்கள். ஆனால் அந்த வீடு நாளைக்கு உங்களுக்குச் சீதனமாக வரப்போகிற வீடு. அதை எப்படிக் கொடுப்பது என்று எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் ஒரு முடிவில்லை. அந்த முடிவுக்கு முன்னம், இணுவில் வீட்டுக்கு நடந்த அநியாயத்தை நீங்கள் அறியவேணும். அம்மா அதைச் சொல்லமாட்டா, சொந்தத்துக்குள்ளே குறையாம். எனக்கு அந்த மரியாதை எல்லாம் தேய்ந்துபோய்விட்டது.

2

முதலில் இங்கத்தைய வீட்டைப் பற்றி ஒரு சொல்லு. நானும் உங்கடை தம்பி செல்வமும் இருக்கிறது கவண்மேந்துக் குவாட்டர்ஸ். பலகைச் சுவர், தகரக் கூரை, கீழே கட்டைக் கால்கள். ஒரு பெட்டியைத் தூக்கிக் கதிரைக்கு மேலே வைத்த மாதிரி. வரிசையிலே எல்லாம் ஒரே அச்சு. வேலையால் களைத்து வந்த ஒரு நாள் நான் அடுத்த வீட்டு மலாய்க்காரர் வீட்டுக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் இருந்துவிட்டேன். அந்த மனிசி கோப்பி தந்துதான் அனுப்பினது.

இந்தப் பெட்டியிலே முருகன் படம் ஒன்று கொழுவ ஒரு ஆணி அடித்தேன். மூன்றாம் நாள் ஓவசியர் வந்து நின்றார்.

"ஹூ கேவ் பெர்மிஷன்?"

"நெயில் வெரி ஸ்மோல், சேர்," என்றேன். எனக்கு வந்த இங்கிலீசு அவ்வளவுதான்.

சின்ன ஆணியோ பெரிய ஆணியோ, அரசாங்கத்துச் சுவராம். மனு எழுது என்றார். கந்தோர்ப் பொடியன் ஒருவனைப் பிடித்து எழுதுவித்துக் கொடுத்தேன். அது மேலே போய், கீழே வந்து, பிறகும் மேலே போய், கடைசியிலே உத்தரவு வந்தது: ஒரு ஆணி அடிக்கலாம், வீட்டை விடும்போது அதைப் பிடுங்கித் துவாரத்தை அடைத்துக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு வந்தது சிரிப்பா, ஆத்திரமா என்று இப்பவும் தெரியாது. கறையான் தின்கிற பலகைப் பெட்டிக்கு இத்தனை காவல். எங்கடை ஊரிலே நாலு தலைமுறை நின்ற வீட்டின் முகட்டை வாளால் அரியும்போது ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

3

நான் பிறந்த இணுவில் வீடு இரண்டாக வெட்டுப்பட்ட பிறகுதான் நீங்கள் அதைக் கண்டீர்கள். உங்களுக்கு அது பெரிய மாமி வீடு, சின்ன மாமி வீடு என்று இரண்டு. எனக்கு அது ஒன்று.

என்ரை அம்மாவின் பாட்டன் கட்டினது. நடுவிலே வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் கூரை இறக்கின நாலு சார். உள்விறாந்தையைச் சுற்றிப் பலாமரத் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் வாழைப்பூ கவிழ்ந்தது போலச் செதுக்கல். ஒரு பூ மற்றப் பூவைப் போல இராது. சின்ன வயதிலே நாங்கள் அவற்றுக்குப் பேர் வைத்திருந்தோம்: சொத்திப் பூ, கோபப் பூ, மாமிப் பூ. சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அந்தச் சுவர் மூச்சு விடும். மாரியிலே நனையும், கோடையிலே காயும், திரும்ப நனையும். தரை முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைத்த சாந்து. கோடை மத்தியானத்தில் கன்னத்தை வைத்துப் படுத்தால் நித்திரை தானாக வரும்.

நாலு கூரையும் உள்ளுக்குச் சாய்ந்து மழையை முற்றத்துக்கு ஊற்றும். முற்றம் பார்வைக்கு மட்டம். ஆனால் ஒரு தேசிக்காயை நடுவிலே வைத்தால் அது மெல்ல யோசித்து யோசித்து மேற்கே உருளும். மேற்குச் சாரின் அத்திவாரத்துக்குக் கீழே ஒரு தூம்பு. கல்லால் கட்டின தண்ணீர் வழி. நாலு கூரைத் தண்ணீரும் அதற்குள்ளே புகுந்து பின்னால் வாழைத்தோட்டத்துக்குப் போகும். எவ்வளவு மழை பெய்தாலும் சாப்பிட்டுக் கை கழுவி வரமுன்னம் முற்றம் வெறுமையாகிவிடும். முழு வீட்டுக்கும் தூம்பு அது ஒன்றுதான். இதை மறக்காதேயுங்கள்.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு துரை வந்து தூண் தூணாக அளந்து, பேப்பரிலே கீறிக்கொண்டு போனார். "இப்படி முழுதாக நிற்கிற வீடு குறைவு. மாற்றாமல் வைத்திருங்கள்" என்று துவிபாசியைக் கொண்டு சொல்லுவித்தார். துரை போன பிறகு என்ரை ஐயா, உங்கடை அப்பப்பா, எங்களைப் பார்த்து, "ஆர் மாத்தப்போகினம்?" என்று கேட்டார்.

ஐயா இரண்டு பெட்டையளுக்கும் அந்த வீட்டைத்தான் சீதனமாக எழுதினார். என்ரை அக்காவுக்கு, உங்கடை பெரிய மாமிக்கு, கிழக்குப் பாதி. தங்கச்சிக்கு, உங்கடை சின்ன மாமிக்கு, மேற்குப் பாதி. எழுதினாரே தவிர, அந்தப் பாதி எங்கே முடிகிறது என்று ஒருவரும் நிலத்திலே பார்க்கவில்லை. சமையல் ஒன்று, விளக்கு ஒன்று. அக்காவுக்கும் அத்தானுக்கும், அதாவது உங்கடை பெரிய மாமாவுக்கும், பிள்ளைகள் இல்லை. தங்கச்சியின் மகள், உங்கடை பூரணம் மச்சாள், வளர்ந்தது பெரிய மாமாவின் மடியிலே. புகையிலைத் தோட்டத்துக்குப் போகும்போதும் அவளைத் தோளிலே வைத்துக்கொண்டுதான் போவார்.

4

பூரணத்துக்குக் கலியாணம் பேசின வருசம் நான் லீவிலே வந்தேன். கனகம் அப்போது தவழுகிற பிள்ளை. தாய்மாமன் இல்லாமல் கலியாணம் நடக்காது என்று மேலதிகாரிக்கு விளங்கவைக்க நான் பட்ட பாடு தனிக் கதை. "அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "அப்ப நீ எதுக்கு?" என்றார்.

பட்டினத்திலிருந்து மாட்டுவண்டிலில் வரும்போது வழி நெடுகக் கண்டது அலங்கோலம். மலாயாக் காசும் சிங்கப்பூர்க் காசும் வந்து ஊரை மேய்ந்துவிட்டுப் போயிருந்தன. நல்ல நாட்டோட்டை இறக்கிப்போட்டுத் தகரம். பலாத் தூணுக்குப் பச்சைப் பெயின்று. ஒரு வீட்டிலே முற்றத்துக்கு மேலே தகரம் அடித்து, உள்ளே பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சீமெந்து பூசி, அதிலே இரண்டு கிளியும் ஒரு கடிகாரமும் செய்திருந்தார்கள். கடிகாரத்தில் நேரம் எப்போதும் பத்தேகால். உள்ளே அடைபட்ட ஈரம் உப்பாகி, ஒரு கிளியின் தலையைத் தள்ளி விழுத்தியிருந்தது. வண்டில்காரன் பெருமையாகச் சொன்னான்: "உது ஈப்போக்காரர் வீடு."

எங்கடை வாசலிலும் கல் குவித்திருந்தது. சீமெந்துப் பீப்பா இரண்டு. பட்டினத்துக் கந்தோரிலே கிளாக்கராக இருக்கிற உங்கடை சின்ன மாமா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கோ மச்சான், நல்ல நேரத்திலைதான் வந்திருக்கிறியள்."

"உதென்ன கல்லு?"

"ஒரு சின்னச் சுவர்."

"எங்கை?"

குடையை மடித்து, அதன் முனையால் வடக்குச் சாரிலிருந்து முற்றத்துக்கு நடுவாகத் தெற்குச் சார் வரைக்கும் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

ஏன் என்று கேட்டேன். பெரிய மாமாவுக்கு அப்போது கடும் வருத்தம். இழுப்பு, கால் முகம் எல்லாம் வீக்கம். தை மாதம் காணமாட்டார் என்று பரியாரியார் கைவிரித்துவிட்டார். கலியாணமோ கார்த்திகையிலே.

"காங்கேசன்துறைச் சம்பந்தியார் ஆளனுப்பி, 'வீட்டிலை வருத்தக்காரருக்குக் கடுமையோ' எண்டு கேட்டவர்," என்றார் சின்ன மாமா குரலைத் தாழ்த்தி. "விளங்குதோ? அந்தக் கேள்வியிலையே எல்லாம் இருக்கு."

"என்ன இருக்கு?"

"ஒரே முகடு எண்டால் ஒரே வீடு. கலியாணக் கன்னிக்கால் நட்ட பிறகு அத்தானுக்கு ஒண்டு நடந்தால் வீடு முழுக்கச் சாவுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் ஒரு நல்ல காரியமும் செய்யேலாது. கலியாணம் நிண்டுபோம். நிண்ட கலியாணத்தின்ரை பழி பெட்டையின்ரை தலையிலை. சுவர் எழும்பி முகடும் வேறையாப் போச்சுதெண்டால் அது அயல்வீட்டுச் சாவு."

"மனிசன் இன்னும் உயிரோடை இருக்கிறார்."

"இருக்கட்டும். ஆர் வேண்டாமெண்டது?"

பிள்ளைகளே, நான் எத்தனையோ சாதிச் சனத்தோடு இந்த மலாயாவிலே வேலை செய்கிறேன். ஒரு மனிதன் சாகமுன்னம் அவனுடைய சாவுக்கு வேலி அடைக்கிற புத்தி எங்கள் ஆட்களுக்கு மட்டுந்தான் வரும். சீ.

கிழக்குச் சாரிலே சாய்மனைக் கதிரையில் பெரிய மாமா கிடந்தார். என்னைக் கண்டவுடன் சிரித்தார்.

"பரியாரியார் எனக்குத் தை இல்லை எண்டிட்டார், மச்சான். உவன் எனக்கு முற்றமும் இல்லை எண்டிட்டான்."

நான் வாயைத் திறக்கமுன்னம் அக்கா தடுத்தா. "நீ ஒண்டும் கதையாதை தம்பி. எங்கடை பூரணத்தின்ரை கலியாணம்."

5

இவ்வளவும் எழுதி நிறுத்திவிட்டு, விளக்கேற்றும் நேரம் செல்வத்துக்குச் சோறு போட்டேன். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டான். அவன் பாதி மலாயும் பாதி தமிழுமாகத்தான் கதைப்பான்; வீட்டை 'ரூமா' என்பான். இணுவில் வீட்டு முற்றத்தைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்குள்ளே மழை பெய்யும் என்றேன்.

"ஏன் அப்பா, கூரை போடக் காசு காணாமல் போச்சோ?"

விளங்கப்படுத்திப் பார்த்தேன். "ரூமாவுக்குள்ளை மழை வந்தால் ஓவசியர் ஏசமாட்டாரோ?" என்றான். அவனை ஏச என்னால் முடியவில்லை. பத்து வயதுப் பிள்ளை காணாததைக் கேட்கிறான். கண்டு வளர்ந்தவர்கள் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தச்சுவேலை ஓடாவியார் இரண்டு பேர் வடக்குச் சாரிலும் தெற்குச் சாரிலும் ஓட்டை விலக்கி ஏறி, முகட்டு வளையை அரிந்தார்கள். பனை வைரம் லேசிலே அறாது. வாள் கத்தினது ஊர்முழுக்கக் கேட்டிருக்கும். தூள் பறந்து கிழக்குச் சாருக்குள்ளே வர, அக்கா ஒரு சேலையை விரித்துப் பெரிய மாமாவின் நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றா. அவர் ஒவ்வொரு இழுப்புக்கும் இருமினார். மேற்குச் சாரிலே பூரணத்துக்குக் கூறைச் சட்டை அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சுவர் நேராக வரவேணும் என்றால் இரண்டு தூண் குறுக்கே நின்றன. பிடுங்கினால் கூரை விழும். ஆகவே தூணையும் சேர்த்துச் சுவருக்குள்ளே வைத்துக் கட்டினார்கள். ஒரு தூணின் ஒரு கன்னம் அக்கா பக்கம், மறு கன்னம் தங்கச்சி பக்கம். அது நாங்கள் மாமிப் பூ என்று பேர் வைத்த தூண். பழைய வாசற்கதவு அக்கா பக்கம் விழுந்தது. மேற்குப் பக்கத்துக்கு மதிலை உடைத்துப் புது வாசல். ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் போக ஒழுங்கையைச் சுற்றிப் போகவேணும்.

தூம்பு மேற்குப் பக்கம். கிழக்குப் பாதித் தண்ணீர் எங்கே போகும்? இதைக் கேட்டது நான் ஒருவன். சுவரின் அடியிலே ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒரு துவாரம் விடச் சொன்னேன்.

"துவாரம் விட்டால் வீடு ஒண்டாப் போகாதோ?" என்றார் சின்ன மாமா.

"தண்ணி போறதுக்கு ஐசே."

"இண்டைக்குத் தண்ணி போம். நாளைக்கு ஒரு நாக்கு, 'உங்கை தண்ணி ஒண்டாத்தானே ஓடுது, துடக்கும் ஓடும்' எண்டு சொல்லும்."

"எந்த நாக்கு?"

"சனம்."

"எந்தச் சனம்? ஒரு பேர் சொல்லுமன்."

"சனத்துக்குப் பேரிருக்கோ, மச்சான்?"

சின்ன மாமாவை ஐயரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "துவாரம் விடலாம்," என்றார். நான் எழும்பினேன். "விடாமலும் இருக்கலாம்," என்றார். சின்ன மாமா எழும்பினார்.

தங்கச்சி என்னைத் தனியக் கூப்பிட்டு அழுதாள். "அண்ணை, கலியாணம் முடிஞ்ச கையோடை உடைப்பிக்கிறன். என்னாணை. இப்ப ஒண்டும் செய்யாதையுங்கோ."

கலியாணத்துக்கு முதல் நாள் மழை இறங்கியது. வடக்கத்தி மழை, தெரியுந்தானே, வானம் அறுந்த மாதிரி. மேற்குப் பக்கத்து அரை முற்றம் எப்போதும்போலத் தூம்பாலே வடிந்தது. கிழக்குப் பக்கத்துத் தண்ணீர் தன் வழக்கப்படி மேற்கே போய், சீமெந்துச் சுவரிலே முட்டி, திரும்பி வந்தது. முதலில் கணுக்கால். பிறகு விறாந்தைக்கு ஏறியது. பிறகு பெரிய மாமாவின் கதிரைக் காலை நனைத்தது. நானும் அக்காவும் வாளியால் அள்ளி அள்ளி வாசலால் ஊற்றினோம். கூரை அதைவிட வேகமாக ஊற்றியது. சுவர்க்கால் பூச்சு ஊறிச் சோறு மாதிரிக் கையோடு வந்தது.

சுவரை இடிக்க இரும்பு அலவாங்கை எடுத்தேன். ஓங்கினேன். அக்கா வந்து அதன் மற்றத் தலையைப் பிடித்துக்கொண்டா.

"விடு அக்கா. சுவர் இருந்தால் வீடு விழும்."

"விழட்டும். நாளைக்கு அவளுக்கு ஒரு சொல்லு வரக்கூடாது."

"அத்தான் உள்ளை இருக்கிறார்!"

"அவரை நாங்கள் வெளியாலை கொண்டுபோவம்."

பின்வளவிலே புகையிலை போடுகிற கொட்டில் ஒன்று இருந்தது. விடிந்த பிறகு, கலியாணத்தன்று காலையிலே, நானும் அயல்வீட்டு மனிதன் ஒருவரும் சாய்மனைக் கதிரையோடு அவரைத் தூக்கினோம். முழங்கால் அளவு சேறு. அவர் குடையைத் தானே பிடித்துக்கொண்டார்.

"சாமி தூக்கிற மாதிரித் தூக்கிறியள். மேளந்தான் இல்லை," என்றார்.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அப்பால் கலியாண மேளம் தொடங்கியது.

"ஓ, அதுவும் வந்திட்டுது," என்றார்.

6

சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டு தாய்மாமனாகப் போய் நின்றேன்.

அந்த வீட்டிலே நடந்த கலியாணம் எல்லாம் முற்றத்திலே மணவறை போட்டு நடந்தவை. நாலு சாரிலும் சனம் இருந்து பார்க்கும். இப்போது முற்றத்தில் பாதி. மணவறையை வைத்தால் ஓமகுண்டத்துக்கு இடமில்லை. ஓமகுண்டத்தை வைத்தால் மாப்பிள்ளைக்கு இடமில்லை. கலியாணத்துக்காக முற்றத்தைப் பிளந்தார்கள், பிளந்த முற்றத்திலே கலியாணம் கொள்ளவில்லை. வெளி வளவிலே கிடுகுப் பந்தல் போட்டார்கள். அது ஒழுகியது. ஐயர் ஒரு கையால் நெய் விட, ஒருவர் அவருக்குக் குடை பிடித்தார்.

தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்கு இருக்கும்போது சம்பந்தியார் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். துறைமுகத்திலே உத்தியோகம் பார்த்துப் பென்சன் எடுத்த மனிதர்.

"தம்பி, உந்தச் சுவர் எப்ப வந்தது?"

நான் சொன்னேன்.

"நான் முந்தி ஒருக்கால் உங்கை விருந்து சாப்பிட்டனான். சுத்திவர நாங்கள் இருந்து சாப்பிட, நடுவிலை மழை பெஞ்சது. ஒருத்தரும் நனையேல்லை. அதை மனிசிக்குக் காட்டவேணும் எண்டு எத்தினை நாளாச் சொல்லிக்கொண்டிருந்தனான். அவ இப்ப, 'எங்கை அந்த முற்றம்' எண்டு கேட்கிறா. நான் என்ன சொல்ல?"

"நீங்கள் ஆளனுப்பிக் கேட்டியளாம், வருத்தக்காரருக்குக் கடுமையோ எண்டு."

"ஓம், கேட்டனான். கடுமையெண்டால் கலியாணத்தைத் தைக்கோ மாசிக்கோ தள்ளுவம், நீங்கள் அந்தரப்படாதையுங்கோ எண்டு சொல்லத்தான் கேட்டனான். மறுமொழி வரேல்லை. சரி, சுகமாக்கும் எண்டு இருந்திட்டன்."

சோற்றிலே வைத்த கையை எடுத்தேன். எதிர்ப்பக்கத்திலே சின்ன மாமா, யாருக்கோ பாயாசம் காணாது என்று சத்தம்போட்டுக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு வந்தது கோபமில்லை, பிள்ளைகளே. கோபம் என்றால் எழும்பி நாலு சொல்லுச் சொல்லியிருப்பேன். எனக்கு வந்தது அருவருப்பு. ஒருவரும் கேட்காத சுவர். ஒருவரும் கேட்காததற்குப் பயந்து, கேட்டதாக நினைத்து, அதற்கும் மேலாலே ஒன்று செய்து, அதை மானம் என்று சொல்லிக்கொண்டு திரிகிற சனம்.

பூரணம் கூறைச் சேலையோடு எழும்பி, "பெரியப்பாவின்ரை காலிலை விழவேணும்" என்றாள். சின்ன மாமா கண்ணைக் காட்டினார். அவள் பார்க்காத மாதிரிப் போனாள். ஒழுங்கையைச் சுற்றிச் சேற்றுக்குள்ளே போனாள். மாப்பிள்ளைப் பொடியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலே போனான். நல்ல பொடியன். கொட்டிலுக்குள்ளே புகையிலை மணத்துக்கு நடுவே பெரிய மாமா இரண்டு பேருக்கும் திருநீறு பூசினார்.

அவர்கள் போன பிறகு நான் சம்பந்தியார் சொன்னதைச் சொன்னேன். பெரிய மாமா முதலில் சிரித்தார். சிரித்தது இருமலாகி, இருமல் நின்ற பிறகுதான் கதைத்தார்.

"மச்சான், கலியாணம் முடியுமட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால், நான் எப்படியும் பொறுத்திருப்பன். என்ரை பிள்ளைதானே. அதுக்கேன் வீட்டை அரிஞ்சவங்கள்?"

7

அந்தக் கிழமையே நான் அலவாங்கோடு சின்ன மாமாவிடம் போனேன். கலியாணம் முடிந்துவிட்டது, சுவரை உடைப்போம் என்றேன்.

"இப்ப உடைச்சால் சனம் என்ன சொல்லும்? விசர் வேலை பாத்தவன் எண்டு சொல்லாதோ?"

"பாத்ததுதானே."

"நீங்கள் கப்பலேறிப் போயிடுவியள், மச்சான். நான் உந்த ஒழுங்கையாலைதான் கந்தோருக்குப் போய்வரவேணும்."

தங்கச்சியைப் பார்த்தேன். என்னாணை என்று சொன்னவள் துவாரத்துக்குக்கூட ஓம் என்று சொல்லவில்லை. நான் கப்பலேறினேன்.

அடுத்த மாரிக்குத் தென்கிழக்கு மூலை இடிந்து இருந்துவிட்டது. அரிந்த வளைக்குப் பிடிப்பு இல்லை. ஊறின சுவருக்குப் பலம் இல்லை. பெரிய மாமா திரும்ப அந்த வீட்டுக்குள்ளே போகவேயில்லை. தை காணமாட்டார் என்ற மனிதன் இரண்டு தை கண்டு, கொட்டிலிலேயே செத்தார். அவருடைய சாவை மறிக்கத்தான் சுவர் கட்டினார்கள். அந்தச் சாவு அந்த வீட்டிலே நடக்கவேயில்லை.

லீவிலே வருகிற நேரமெல்லாம் அதைத் திரும்ப ஒட்ட ஏலுமோ என்று பார்க்கிறேன். ஏலாது. சீமெந்துக்குள்ளே இறுகின தூணைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே கறையான் தின்று, வெறும் முட்டை ஓடு மாதிரிச் சத்தம். பெரிய மாமி மிஞ்சின இரண்டு அறையிலே இருக்கிறா. சின்ன மாமி பக்கத்துச் சுவருக்கு நீலப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அதிலே இப்போது கிளிகளும் இருக்கின்றன.

சரி, உங்கடை விசயத்துக்கு வாறன்.

உடுப்பிட்டி வீடு அம்மாவின் சீதனம். சரிபாதியாக எழுதுவோம் என்கிறா அம்மா. ஊர் வழக்கமும் அதுதான், பார்க்க ஞாயம் போலவும் இருக்கிறது. ஆனால் என்ரை கையெழுத்து இல்லாமல் எழுத ஏலாது. பாதி என்று ஒரு உறுதிக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன். வீடு ஒருத்திக்கு, முழுதாக. மற்றவளுக்குப் பின்வளவிலே என்ரை பென்சனைக் கொண்டு ஒரு வீடு. அது சின்னதாகத்தான் இருக்கும், தூணும் பூவும் இராது. அதை இப்பவே சொல்லிவிடுகிறேன். யாருக்கு எது என்று நான் சொல்லமாட்டேன், அம்மாவும் சொல்லக்கூடாது. நீங்கள் இரண்டு பேரும் இருந்து கதைத்து எடுங்கள். அவசரம் இல்லை, ஆனால் மாப்பிள்ளை பேச ஒரு ஆள் படலையைத் திறக்கமுன்னம் எடுங்கள். திறந்த பிறகு நீங்கள் கதைக்கமாட்டீர்கள். உங்களுக்காக வேறு ஆட்கள் கதைப்பார்கள். அவர்கள் எப்படிக் கதைப்பார்கள் என்று சொல்லிவிட்டேன்.

மாரி வருகிறது. எங்கடை உடுப்பிட்டி வீட்டு முற்றத்துத் தூம்பை இந்த வருசம் ஒருவரும் பார்த்திருக்கமாட்டினம். தேங்காய்ப் பொச்சுமட்டையை உருண்டையாக வரிந்து, நீளக் கயிற்றின் நடுவிலே முடியுங்கள். ஒரு மூங்கில் தடியிலே கயிற்று நுனியைக் கட்டித் தூம்புக்குள்ளே தள்ளினால் அது பின்பக்கம் வரும். மங்களம் முற்றத்திலே குந்தி ஒரு நுனியைப் பிடிக்கட்டும். கனகம் வெளியே போய் மற்ற நுனியைப் பிடிக்கட்டும். கனகம் இழுக்க மங்களம் விடவேணும், மங்களம் இழுக்கக் கனகம் விடவேணும். நடுவிலே வீடு நிற்கும், ஒருவரையொருவர் காணமாட்டீர்கள். ஆகவே உரத்துக் கூப்பிட்டுச் செய்யுங்கள். பிறகு முற்றத்திலே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது அந்தப் பக்கம் தெளிவாக வருகிறது என்று கனகம் சத்தம்போடும் வரைக்கும், மங்களம், நீ கயிற்றை விடாதே.

அன்புள்ள அப்பா